டிக்கெட்டும் மானமும்

(திருவெறும்பூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ரயிலிலும் பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை என்று சொல்லிப் பிரயாணியிடம் வாங்கப்படும் அபராதத்தைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். சுயமரியாதைக்காரர் மேடையில் சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசுவார்கள், டிக்கெட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் மனிதனுடைய மானம் கோயில் வாசலில் மாத்திரம் போவதில்லை. ரயில் பெட்டியில் நாலு பேர் பார்க்க ஒருவன் கைகட்டி நின்று, "ஐயா, பிள்ளைகுட்டிக்காரன், மன்னித்துவிடுங்கள்" என்று கெஞ்சுகிறானே, அப்போதும் போகின்றது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சீறி விழுகிறானே, அப்போதும் போகின்றது. ஆகையால் இது நம் இயக்கத்தைச் சேர்ந்த விஷயமேயாகும்.

இந்த ஊருக்கு இது மிகவும் வேண்டியதும் ஆகும். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ரயில் பாதையில் உள்ள ஊர் இது. ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பட்டறை; மற்றொரு பக்கம் பாரத மிகுமின் நிறுவனம், துப்பாக்கித் தொழிற்சாலை. வேலைக்கும் கூலிக்கும் படிப்புக்கும் வியாபாரத்துக்கும் தினந்தோறும் வண்டி ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். உங்களில் யாருக்கும் எந்த நாளிலும் இந்தச் சங்கடம் வரலாம்.

ஓசிப் பிரயாணத்துக்கு நான் வக்கீல் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். டிக்கெட் வாங்காமல் ஏமாற்றிப் போகிறவனுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ரயிலும் சர்க்கார் பஸ்ஸும் பொதுச் சொத்து. அதில் ஒருவன் கட்டணத்தைத் திருடினால், டிக்கெட் வாங்கி நிற்க இடமில்லாமல் வருகிற ஏழையின் மடியில் கை வைத்தான் என்றுதான் அர்த்தம். நாணயம் இல்லாதவனுக்குச் சுயமரியாதை ஏது?

ஆனால் இந்த நாணயம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? நம் நாட்டில் டிக்கெட் கேட்பதிலும் வருணாசிரமம் இருக்கிறது. வேட்டி கசங்கியவனிடம் முதலில் கேட்பார்கள். காவி கட்டியவனிடம் கேட்கத் தயங்குவார்கள். உத்தியோக உடுப்புப் போட்டவனிடம் கேட்கவே பயப்படுவார்கள். 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சர்க்கார் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார். கண்டக்டர் விடாமல் கேட்டார். போலீசார் வாரண்டு வைத்திருந்தால் மட்டுமே இலவசமாகப் போகலாம், இல்லாவிட்டால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும் என்று போக்குவரத்து இலாகா அறிவித்தது. உடனே என்ன நடந்தது? பல ஊர்களில் சர்க்கார் பஸ்கள் மேல் போக்குவரத்துப் போலீசார் அபராதம் போட ஆரம்பித்தார்கள்! நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய் என்றும், பெல்ட்டு போடவில்லை என்றும் வழக்கு. கடைசியில் இரண்டு இலாகா மேலதிகாரிகளும் பேசி, அந்தப் போலீஸ்காரரையும் கண்டக்டரையும் கைகுலுக்க வைத்து முடித்தார்கள்.

கைகுலுக்கினது சந்தோஷந்தான். ஆனால் அந்தக் கண்டக்டர் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். உடுப்பைக் கண்டு ஒதுங்காமல், "டிக்கெட் எடுங்கள்" என்று கேட்டாரே, அதுதான் நான் சொல்லுகிற சுயமரியாதை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நம்புகிறவனே அப்படிக் கேட்பான். அதே நம்பிக்கை உள்ள பிரயாணி, தன்மேல் தப்பாக அபராதம் போட்டால் "எந்தச் சட்டப்படி?" என்று கேட்பான். இரண்டும் ஒரே குணந்தான்.

இன்னொரு வார்த்தை. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் நம் ராஜ்யத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. அதைச் சிலர் "ஓசி" என்று ஏளனம் செய்தார்கள். சர்க்கார் தன் பணத்தைக் கொடுத்து வாங்கித் தரும் பிரயாணம் அது. பெண்கள் வாங்கும் சாமான்களுக்குக் கட்டும் வரியும் அந்தப் பணத்தில் இருக்கிறது. பயந்து ஒளிந்து போவதற்குத்தான் ஓசி என்று பெயர்.

ஏன் கேட்பதில்லை?

நம் ஜனங்கள் ஏன் கேட்பதில்லை? கேட்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கான வருஷமாகப் பழக்கிவிட்டார்கள், அதுதான் காரணம். புரோகிதன் "தோஷம்" என்கிறான். என்ன தோஷம், யார் கண்டது என்று நாம் கேட்பதில்லை. "பரிகாரம் ஐந்நூறு ரூபாய்" என்கிறான். எந்தக் கணக்குப்படி என்று கேட்பதில்லை. பணத்தைக் கொடுக்கிறோம், காலில் விழுகிறோம், ரசீது கேட்பதில்லை. இந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவன், கறுப்புக் கோட்டுப் போட்டவர் வந்து "அபராதம்" என்றவுடன் அதையும் பரிகாரம் என்றே நினைத்துவிடுகிறான். சிலர் ரசீது வேண்டாம், பாதி தருகிறேன் என்று பேரம் பேசவும் ஆரம்பித்துவிடுகிறார்கள்! ரசீது இல்லாத அபராதத்துக்கு அபராதம் என்று பெயர் இல்லை, தோழர்களே, அது தட்சணை.

இந்த ஊர் மலைமேல் இருக்கும் கோயில் கதையைப் பாருங்கள். தேவர்கள் எறும்பு உருவெடுத்துப் பூசை செய்ய வந்தார்களாம். லிங்கம் வழுக்கியதாம். எறும்பு ஏற வேண்டுமென்று சாமி புற்றாக மாறித் தலையைச் சாய்த்துக் கொடுத்தாராம். இதையே ஊர்ப் பெயருக்கும் காரணமாகச் சொல்லுகிறார்கள். கதைப்படியே பார்த்தாலும், எறும்புக்குத் தலை சாய்த்த சாமியின் கர்ப்பக்கிருகத்துக்குள் அந்த மலைக்குக் கல் சுமந்தவன் பேரன் போக முடிகிறதா? எறும்புக்கு உள்ள யோக்கியதை மனிதனுக்கு இல்லை என்கிறார்கள். மனிதனும் வெளியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். அங்கே கேட்கப் பழகாதவன் ரயிலில் எப்படிக் கேட்பான்?

ஆனாலும் ரயில்வே டிக்கெட்டுக்கு ஒரு மேன்மை உண்டு. தஞ்சாவூருக்கு என்று டிக்கெட் கொடுத்தால் தஞ்சாவூரில் கொண்டுபோய் விட வேண்டும். விடாவிட்டால் கேட்கச் சட்டம் இருக்கிறது. இதோ காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் என்று ஒரு வாசலைத் திறந்து, முன்வரிசைக்குத் தனிச் சீட்டு விற்கிறார்களே, அந்தச் சீட்டை வாங்கினவன் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று எந்தக் கோர்ட்டில் கேட்பது?

சட்டம் என்ன சொல்லுகிறது?

இனி, அபராதம் போட்டால் என்ன செய்வது என்பதற்கு வருவோம். ரயிலுக்கு 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் வந்தது அது. அதில் இரண்டு பிரிவுகளை நீங்கள் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

137-ஆம் பிரிவு, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போகிறவனைப் பற்றியது. இது குற்றம். ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தனிக் காரணம் எழுதாவிட்டால் 500 ரூபாய்க்குக் குறைத்து அபராதம் போட முடியாது. இந்தத் தண்டனையை விதிக்க வேண்டியவர் மாஜிஸ்திரேட். டிக்கெட் பரிசோதகர் அல்ல.

138-ஆம் பிரிவு வேறு. டிக்கெட் காட்ட முடியவில்லை, அல்லது வாங்கிய டிக்கெட்டுக்கு மேற்பட்ட வகுப்பிலோ வண்டியிலோ போனான் என்றால், கட்டணத்தோடு அதிகப்படித் தொகையும் வாங்கலாம் என்பது அது. அதிகப்படித் தொகை, கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. கட்டணம் 10 ரூபாய் என்றால் மொத்தம் 260 ரூபாய். கட்டணம் 300 ரூபாய் என்றால் மொத்தம் 600 ரூபாய். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், 1,000 கொடு என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி கேட்கும்போது வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

"நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொன்னால் 138-ஆம் பிரிவிலிருந்து தப்ப முடியாது. தெரியாமல் செய்தாலும் கட்ட வேண்டியதே. ஆனால் 137-ஆம் பிரிவுக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். அசட்டையால் வந்த தப்பைத் திருட்டு என்று எழுதினால், அதை எதிர்த்துச் சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், வண்டி புறப்பட்ட ஊரிலிருந்து கட்டணம் கணக்கிடலாம் என்றும் சட்டம் சொல்லுகிறது. திருவெறும்பூரில் ஏறினவன் எங்கோ இருந்து வந்ததாகக் கட்ட நேரும். ஆனால் வழியில் டிக்கெட் பரிசோதனை நடந்திருந்தால், கடைசியாகப் பரிசோதித்த இடத்திலிருந்துதான் கணக்கு. இதைக் கேட்கத் தெரிந்தவனுக்கு நூற்றுக்கணக்கில் மிச்சம்.

டிக்கெட் வாங்க அவகாசம் இல்லாமல் ஏற வேண்டியிருந்தால், ரயில்வே சிப்பந்தியிடம் முன்னதாகவே சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள 55-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தச் சீட்டு கையில் இருந்தால் அதிகப்படித் தொகை கிடையாது. பரிசோதகர் கண்ணில் படுவதற்கு முன் போய்ச் சொல்லுகிறவனையும், பட்ட பின் கதை சொல்லுகிறவனையும் சட்டமே வேறாகப் பார்க்கிறது.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்பதற்காக நடுவழியில் கண்ட நிலையத்தில் இறக்கிவிட முடியாது. ஏறின நிலையம், சந்திப்பு, வண்டி நிற்கும் கடைசி நிலையம், ஜில்லாத் தலைநகர் ஆகியவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். இது 139-ஆம் பிரிவு. ராத்திரியில் இறக்கிவிடுவேன் என்று யாராவது மிரட்டினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 178-ஆம் பிரிவில் டிக்கெட் இல்லாத பிரயாணிக்கு 500 ரூபாய் வரையில் அபராதம் என்று இருக்கிறது. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். அடுத்த வரியிலேயே, வேண்டுமென்றோ அசட்டையாலோ டிக்கெட் கொடுக்கத் தவறிய கண்டக்டருக்கும், குறைந்த தொகைக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கும் அதே 500 ரூபாய் வரையில் அபராதம் இருக்கிறது. பஸ்ஸில் ஏறியபின் கூடிய சீக்கிரம் பணம் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும் என்பதுதான் 124-ஆம் பிரிவு. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு கையில் காசை நீட்டி நிற்கிறவன் திருடன் அல்ல. பணம் கொடுத்தும் டிக்கெட் வரவில்லை என்றால், பக்கத்தில் நின்ற இரண்டு பேரைச் சாட்சிக்குக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வழி

ஒரு கூலிக்காரர் கைப்பேசியில் டிக்கெட் வாங்கி இங்கே வண்டி ஏறினார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதகர் வரும்போது பேசியில் மின்சாரம் தீர்ந்து அணைந்துவிட்டது. டிக்கெட் வாங்கியது உண்மை. காட்ட முடியாததும் உண்மை. அன்றையக் கூலியில் பெரும்பகுதி போய்விடும் நிலைமை. அவர் என்ன செய்யலாம்?

நம்மவர்கள் மூன்று வழிதான் அறிவார்கள். ஒன்று, காலில் விழுவது. இரண்டு, கையில் திணிப்பது. மூன்று, சட்டையைப் பிடிப்பது. முதல் வழியில் மானம் போகிறது. இரண்டாவது வழியில் நாணயம் போகிறது. மூன்றாவது வழியில் நியாயம் நம் பக்கம் இருந்தும் நாமே குற்றவாளியாகிறோம். பரிசோதகரும் சம்பளத்துக்கு வேலை செய்கிற தொழிலாளிதான். அபராத வசூலைச் சாதனை என்று வருஷா வருஷம் விளம்பரம் செய்கிற மேலிடத்தின் நெருக்கடி அவர் தலையிலும் இருக்கிறது. அவரைப் பகைப்பதால் பிரயோஜனம் இல்லை.

நாலாவது வழி இருக்கிறது. மரியாதையாக, நேராகப் பார்த்து, "தாங்கள் யார், எந்தப் பிரிவின்படி, எவ்வளவு?" என்று கேட்பது. பேசிக்கு மின்சாரம் ஏற்ற யாரிடமாவது கருவி கேட்டு, டிக்கெட்டைக் காட்ட அவகாசம் கேட்பது. முடியாவிட்டால் பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, அதில் உள்ள தேதி, வண்டி எண், தொகை, காரணம் எல்லாவற்றையும் அங்கேயே படித்துப் பார்ப்பது; படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள மாணவனைப் படிக்கச் சொல்வது. "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று வாயால் சொல்லி, அன்றைக்கே எழுதியும் அனுப்புவது. 139 என்ற எண்ணில் புகார் பதியலாம். திருச்சியிலேயே கோட்ட ரயில்வே அலுவலகம் இருக்கிறது. அதன் வர்த்தகப் பிரிவுக்கு டிக்கெட் வாங்கிய அடையாளத்தையும் ரசீது நகலையும் சேர்த்து மனுக் கொடுக்கலாம். கட்டணத்தைத் திரும்பக் கேட்க 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் அதன் அமர்வு உண்டு. நடத்தையில் குறை என்றால் திருச்சியிலேயே ஜில்லா நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் போகலாம்.

137-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனால், "சீக்கிரம் முடியும், ஒப்புக்கொண்டுவிடு" என்று யாராவது காதில் ஓதுவார்கள். செய்தவன் ஒப்புக்கொள்ளட்டும், அது யோக்கியதை. செய்யாதவன் ஒப்புக்கொள்ளக் கூடாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளவர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் சொல்லுகிறது. அது பிச்சை அல்ல. கேட்டு வாங்குங்கள்.

20 ரூபாய்க்கு 22 வருஷம்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 1999 டிசம்பர் 25-ந் தேதி வடநாட்டில் மதுரா ரயில் நிலையத்தில் ஒரு வக்கீல் மொராதாபாத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார். டிக்கெட் 35 ரூபாய். 100 ரூபாய் கொடுத்தார். 30 ரூபாய் திரும்ப வரவேண்டியதற்கு 10 ரூபாய்தான் வந்தது. 20 ரூபாய் அதிகம் என்று சொல்லியும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். இது நுகர்வோர் கோர்ட்டுக்கு உரியதல்ல, ரயில்வேத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று ரயில்வே தடை சொல்லிற்று. நூறு முறைக்குமேல் விசாரணை நடந்தது. 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும், அதற்குமேல் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

20 ரூபாய்க்கு 22 வருஷமா என்று சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். சிரிக்க வேண்டியது அவரைப் பார்த்து அல்ல. ஒரு சின்ன நியாயத்துக்கு 22 வருஷம் எடுத்துக்கொண்ட ஏற்பாட்டைப் பார்த்து. எத்தனையோ ஜன்மத்துப் பாவம் தீருவதற்குக் காத்திருக்கிற நாட்டில், கண்ணுக்குத் தெரிந்த நியாயத்துக்கு ஒரு மனிதர் 22 வருஷம் காத்திருந்தது அதிசயம் அல்ல. வக்கீலானபடியால் அவரால் முடிந்தது, கூலிக்காரனால் முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவனால் முடியாது, சங்கமாகச் சேர்ந்தால் முடியும்.

அதிலும் உயிர் போன விஷயத்தைப் பாருங்கள். ரயிலிலிருந்து விழுந்து செத்தவன் சட்டைப்பையில் டிக்கெட் இல்லை என்று சொல்லி, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நஷ்டஈடு மறுப்பது வழக்கமாக இருந்தது. விழுந்து சிதறின உடம்பில் டிக்கெட்டைத் தேடுகிறார்கள்! ரீனா தேவி என்ற பெண்மணியின் வழக்கில் 2018-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, டிக்கெட் அகப்படவில்லை என்பதால் மாத்திரமே ஒருவன் நேர்மையான பிரயாணி அல்ல என்று தள்ளிவிடக் கூடாது என்று சொல்லிற்று. குடும்பத்தார் பிரமாணம் செய்து சொன்னால், மறுத்து நிரூபிக்கும் பாரம் ரயில்வேயைச் சேரும். ஒரு பெண்மணியின் வழக்கு முடிவுவரை நடந்ததால், நாடெங்கும் உள்ள விதவைகளுக்கு அந்த வழி திறந்தது.

கட்டணம் கொடுத்தும் மரியாதை இல்லாத காலம்

டிக்கெட்டுக்காகச் சண்டை போடுவது நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. காசு கொடுத்தாலும் ஆதிதிராவிடரைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று முதலாளிகள் சொன்ன காலம் இருந்தது. செங்கற்பட்டில் 1929-ல் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி ஏற்ற மறுத்தால் பஸ் ஓட்டும் உரிமை போய்விடும் என்று உத்தரவு போட்டார். ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறோர் இடம் என்று இருந்ததும் பெரியார் நடத்திய கிளர்ச்சியால்தான் 1941-ல் ஒழிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகரத்தில் ரோஸா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, கட்டணம் கொடுத்து ஏறிய பஸ்ஸில், வெள்ளைக்காரனுக்கு இடம்விட எழுந்திருக்க மறுத்தார். 10 டாலர் அபராதமும் 4 டாலர் கோர்ட்டுச் செலவும் விதித்தார்கள். அந்த 14 டாலரைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்பீல் செய்தார். அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அவர்கள் தொடுத்த மற்றொரு வழக்கில் பஸ்ஸில் நிறபேதம் செல்லாது என்று 1956-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு முடிவு சொல்லிற்று. காலால் நடந்தார்கள், கோர்ட்டில் கேட்டார்கள்.

ஆதலால் தோழர்களே! டிக்கெட் வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். வாங்கின டிக்கெட்டை இறங்கி வெளியே வரும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் கேட்டால் பிரிவைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள். ரசீதில்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். குறைத்துக் கொடுக்கிறேன் என்று பேரமும் பேசாதீர்கள். தப்பாகப் போட்ட அபராதம் என்றால் எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க இங்குள்ள வாலிபர்கள் வாரத்தில் ஒருநாள் மாலை ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றேன். திருவிழாவுக்கு வசூல் செய்ய நாலு தெரு சுற்றுகிற வாலிபர்களால் இது முடியாதா?

நான் சொன்ன பிரிவுகளையும் என் வார்த்தைக்காக நம்பிவிட வேண்டாம். சட்டப் புத்தகம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. அதைப் பெண்ணும் படிக்கலாம், எந்த ஜாதியானும் படிக்கலாம், படித்தால் நாக்கை அறுக்கமாட்டார்கள். வாங்கிப் படித்து, உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டபடி நடந்துகொள்ளுங்கள்.